கலங்கி வரும் குழந்தைக்கு மழலையர் வகுப்பு என்ன செய்யலாம்? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

மழலையர் வகுப்பு எடுப்பவர்கள் கேட்கும் கேள்வி பல முகங்களோடு வருகிறது. அப்பா இறந்த இரண்டாம் வாரத்தில் ஒரு குழந்தை வகுப்புக்குத் திரும்பியிருக்கிறது. வெள்ளத்தில் வீடு போன குடும்பத்துப் பிள்ளை, கதவு படீரென்று சாத்தினாலே மேசைக்கடியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. இன்னொரு குழந்தையின் பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். வாரத்தில் பாதி ஒரு வீடு, மீதி இன்னொரு வீடு. பயிற்சிக்குப் போனால் ஒருவர், "அன்றாட ஒழுங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்கிறார். அடுத்தவர், "அந்தக் குழந்தைக்கென்று ஓர் ஆளை ஒதுக்குங்கள்" என்கிறார். மூன்றாமவருக்கு விளையாட்டும் படம் வரைவதும் போதும். பள்ளி நிர்வாகமோ, "நமக்கெதற்கு வம்பு, நிபுணரிடம் அனுப்பிவிடலாம்" என்கிறது.

நான்கும் நல்ல யோசனைகள்தாம். ஆனால் இருபது குழந்தைகளும் இரண்டு பெரியவர்களும் இருக்கும் அறையில் நான்கையும் ஒரே வாரத்தில் தொடங்கினால், நான்கும் அரைகுறையாகவே நடக்கும். எதை முதலில் எடுப்பது, எதை இப்போதைக்கு விட்டுவைப்பது என்பதுதான் கேள்வி.

என் சாய்வை முன்பே சொல்லிவிடுகிறேன். எந்த முறை சிறந்தது என்பதைவிட, எந்த முறையை உங்களால் கல்வியாண்டு முடியும்வரை விடாமல் செய்ய முடியும் என்பதற்கே நான் அதிக எடை கொடுக்கிறேன். ஏற்கெனவே ஒருவரையோ ஒரு வீட்டையோ இழந்த குழந்தையிடம் புதிதாக ஒன்றைக் கொடுத்துவிட்டு, மூன்றாம் வாரம் அதைப் பிடுங்கிக்கொள்வது, கொடுக்காமலே இருந்திருப்பதைவிட மோசம்.

## வகுப்பில் கண்ணுக்குத் தெரிவது

மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தை, "எனக்குப் பயமாக இருக்கிறது, ராத்திரி அதே நினைவு வருகிறது" என்று சொல்லாது. சொல்ல வேண்டியதை உடம்பு சொல்லும். கழிவறைப் பழக்கம் வந்துவிட்ட பிள்ளை மறுபடி நனைத்துக்கொள்ளும். பேச்சு மழலைக்குத் திரும்பும். கட்டைவிரல் வாய்க்குப் போகும். அற்ப விஷயத்துக்கு அடி, கடி, கூச்சல் என்று வெடிக்கும். இவை எல்லோர் கண்ணிலும் படும்.

கண்ணில் படாதது வேறு வகை: அழாது, கேட்காது, சொன்னதைச் சொன்னபடி செய்யும். "தங்கமான பிள்ளை, எவ்வளவு சீக்கிரம் தேறிவிட்டது பாருங்கள்" என்று நாம் மெச்சிக்கொள்வோம். மருத்துவமனையில் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட சிறு குழந்தைகளை 1940களின் இறுதியிலிருந்து கவனித்த பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ஜேம்ஸ் ராபர்ட்சனும் ஜான் பௌல்பியும் அதில் மூன்று கட்டங்களைக் கண்டார்கள். முதலில் அழுது எதிர்ப்பது, பிறகு நம்பிக்கை இழந்து ஒடுங்குவது, கடைசியாக எவரிடமும் ஒட்டாமல் விலகிப்போவது. மூன்றாம் கட்டத்தில் குழந்தை அமைதியாக, சமயத்தில் சிரித்த முகமாகக்கூட இருக்கும். மருத்துவமனைகள் அன்றைக்கு அதைத்தான் 'பழகிவிட்டது' என்று எழுதிவைத்தன. அழுகிற பிள்ளையைப் பற்றி நான் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை.

## எதை வைத்து எடை போடுவது

ஐந்து கேள்விகள் போதும்.

முதலாவது, நடந்ததைத் தோண்டிக் கேட்காமலே குழந்தைக்குப் பாதுகாப்பு உணர்வைத் தருமா? மனத்தில் உள்ளதைக் கொட்டிவிட்டால் பாரம் குறையும் என்று நம்மில் பலர் உறுதியாக நம்புகிறோம். உலக சுகாதார நிறுவனம் பங்கேற்று 2011இல் வெளிவந்த உளவியல் முதலுதவி வழிகாட்டி அதற்கு நேர்மாறாகப் பேசுகிறது. நடந்ததை வரிசைப்படுத்திச் சொல்ல வைப்பதும், உணர்ச்சிகளை வெளியே இழுப்பதும் முதலுதவி ஆகாது. நிலைமையைப் பார்ப்பது, சொன்னால் கேட்பது, தேவையான உதவியோடு இணைப்பது என்பதோடு நில் என்கிறது. பெரியவர்களுக்கே இப்படி என்றால் நான்கு வயதுப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது, இருக்கிற ஆட்களை வைத்து நடத்த முடியுமா? மூன்றாவது, அந்தக் குழந்தையை மட்டும் தனியே நிறுத்திக் காட்டுமா? நான்காவது, அதன் பலன் வீட்டில் இருக்கும் பெரியவர்கள் வரை போய்ச் சேருமா? ஐந்தாவது, பாதியில் நின்றுபோனால் என்ன ஆகும்?

கடைசிக் கேள்வியைப் பயிற்சிகளில் யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி.

அவசரத்தில் இருப்பவர்களுக்காக அட்டவணையை இங்கேயே தந்துவிடுகிறேன். விவரமும் விதிவிலக்கும் கீழே.

| வழி | என்ன வேண்டும் | மறைந்திருக்கும் செலவு | பாதியில் நின்றால் | எப்போது பொருந்தும் |
|---|---|---|---|---|
| வகுப்பு முழுவதற்கும் ஒழுங்கு | தயாரிப்பு நேரம், எல்லாப் பெரியவர்களின் ஒத்துழைப்பு | அமைதியான பிள்ளை கவனத்தில் படாமல் போவது | சேதம் குறைவு, மறுபடி தொடங்கலாம் | ஊரே பாதிக்கப்பட்டபோது. ஆட்கள் அடிக்கடி மாறும் இடத்தில் |
| ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர் | நிலையாக இருக்கப்போகும் ஓர் ஆள், மாற்றாக இன்னொருவர் | ஆசிரியரின் களைப்பு, மற்றப் பிள்ளைகளின் பொறாமை | சேதம் மிக அதிகம் | ஒருவரை இழந்த ஓரிரு குழந்தைகளுக்கு |
| விளையாட்டும் வரைதலும் | ஒதுக்குப்புறமான மூலை, பக்கத்திலிருந்து கவனிக்கும் கண் | மற்றக் குழந்தைகள் மிரள்வது. தெரியவருவதைக் கையாளும் பொறுப்பு | நடுத்தரம் | விளையாடும் சக்தி மீதமிருக்கும் குழந்தைக்கு |
| நிபுணர் உதவி | காத்திருப்பு, குடும்பத்தின் சம்மதம் | முத்திரை விழுவது. வகுப்பு கைகழுவுவது | குடும்பத்துக்கு உதவியின் மேலேயே நம்பிக்கை போய்விடும் | ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால், அல்லது கடுமையான அறிகுறி தெரிந்தால் |

## வழி ஒன்று: வகுப்பு முழுவதற்கும் ஓர் ஒழுங்கு

இதில் யாரையும் தனியே பிரிப்பதில்லை. நாளின் வரிசையைப் படங்களாக்கி, குழந்தையின் கண் மட்டத்தில் ஒட்டுகிறோம். ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்கு மாறும்முன் ஒரே பாட்டு அல்லது ஒரே சொல். வரவேற்பதும் வழியனுப்புவதும் தினமும் ஒரே மாதிரி. நாற்காலி இழுக்கும் சத்தம், திடீர் மணி, பின்னாலிருந்து தொடுவது ஆகியவற்றைக் குறைக்கிறோம்.

இது ஏன் வேலை செய்கிறது? பெரிய அதிர்ச்சியைக் கண்ட குழந்தையின் மூளை ஆபத்து வருமோ என்று எந்நேரமும் காவல் காக்கிறது. அந்த நிலையில், சிந்தித்து நிதானிக்கும் முன்மூளைக்கு வேலையே கிடைப்பதில்லை. அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருந்தால் காவலுக்குச் சற்று ஓய்வு கிடைக்கும். ஒரு வாரம் குறித்துவைத்துப் பாருங்கள், வெடிப்புகளில் பெரும்பகுதி பாடத்தின் நடுவில் வந்திருக்காது. விளையாட்டிலிருந்து உள்ளே வரும்போது, சாப்பாட்டுக்கு வரிசை கட்டும்போது, வீட்டுக்குப் போகும் நேரத்தில் என மாறும் தருணங்களில்தான் வந்திருக்கும். ஆகவே அட்டவணையைவிட அதன் இடைவெளிகளில்தான் உழைப்பைப் போட வேண்டும்.

ஒரு காட்சி. அவசரமாக இடம்பெயர்ந்து வந்த பிள்ளை நாள் முழுக்கப் பையைத் தோளிலிருந்து இறக்காது; காலணியையும் கழற்றாது. "பையை அலமாரியில் வை" என்றால் உடம்பு விறைக்கும். அடம் என்று நமக்குத் தோன்றும். அந்தக் குழந்தையின் கணக்கே வேறு: போன முறை கிளம்பச் சொன்னபோது கையில் இருந்தது மட்டும்தான் மிஞ்சியது. எல்லாப் பைகளையும் மாட்டும் கொக்கிகளை, உட்கார்ந்த இடத்திலிருந்து தெரியும் சுவருக்கு மாற்றிவிட்டு, "வேண்டும்போது போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வரலாம்" என்று வகுப்பு முழுவதற்கும் பொதுவாகச் சொன்னால் போதும். முதல் வாரத்தில் பத்து முறை எழுந்து போகும்; பிறகு தானாகக் குறையும். யாரையும் குறிப்பிடாமல் ஒருவருக்கு உதவியாயிற்று. இந்த வழியின் அழகே அதுதான்.

செலவுகளும் உண்டு. ஒழுங்கு மெல்ல மெல்லக் கண்டிப்பாக மாறிவிடும். "இப்போது வட்ட நேரம், எல்லோரும் உட்கார வேண்டும்" என்பது கட்டளையான நாளிலிருந்து அது இந்தக் குழந்தைக்கு எதிராகத் திரும்புகிறது. தவறு செய்த பிள்ளையை மூலையில் தனியே உட்காரவைக்கும் வழக்கம் இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள். கைவிடப்பட்ட குழந்தை அதைத் தண்டனையாக எடுத்துக்கொள்ளாது, மறுபடி தன்னைத் தள்ளிவிட்டார்கள் என்றே எடுத்துக்கொள்ளும். அதற்குப் பதில், பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து அது அடங்கும்வரை இருப்பது நல்லது. பேச்சு பிறகு. இன்னொரு செலவு, நீண்ட விடுமுறை. கட்டிய பழக்கம் பாதி கலைந்திருக்கும், திரும்பிய முதல் நாட்களில் பழைய அறிகுறிகள் எல்லாம் வரும். அது பின்னடைவு அல்ல, எதிர்பார்க்க வேண்டியது.

பேரிடர், போர், கூட்டமான இடப்பெயர்வு என்று பாதி வகுப்பே கலங்கி வந்திருக்கும்போது இதுவே முதல் தேர்வு. அப்போது ஆசிரியரின் வீடும் போயிருக்கலாம் என்பதை மறந்துவிடுகிறோம். தானே தூக்கமில்லாமல் வருபவரிடம், இந்தப் பிள்ளைக்கு அடைக்கலமாக இருங்கள் என்று கேட்பது நியாயமில்லை. சுவரில் இருக்கும் படவரிசை அவரையும் கைபிடித்து அழைத்துப்போகும். ஆட்கள் அடிக்கடி மாறும் நிலையத்துக்கும் இதுவே ஏற்றது. நாளை வரும் புதியவரும் அதே பாட்டைப் பாடலாம்.

## வழி இரண்டு: ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர்

காலையில் வரவேற்பது, அழுதால் தூக்குவது, கழிவறைக்கு அழைத்துப்போவது, மாலையில் வீட்டாரிடம் ஒப்படைப்பது எல்லாம் பெரும்பாலும் ஒரே ஆள். ஆழமான பலன் தருவது இந்த வழிதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. மிக ஆபத்தானதும் இதுதான்.

இதற்கு ஒரு பழைய சான்று இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் லண்டன் மீது குண்டுகள் விழுந்த காலத்தில், உளப்பகுப்பாய்வாளர்களான அன்னா ஃப்ராய்டும் டோரதி பர்லிங்காமும் அந்நகரின் ஹாம்ஸ்டெட் பகுதியில் போர்க்காலக் குழந்தைகள் காப்பகங்களை நடத்தினார்கள். 1941இல் தொடங்கியவை. குண்டுவீச்சைவிடத் தாயைப் பிரிந்ததே பல குழந்தைகளை அதிகம் உலுக்கியதை அவர்கள் கண்டார்கள். தொடக்கத்தில் எல்லாப் பணியாளரும் எல்லாக் குழந்தைகளையும் பார்த்துக்கொண்டார்கள். பிறகு குழந்தைகளைச் சிறு 'குடும்பங்களாக'ப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பணியாளரைத் தாய்போல் அமர்த்தினார்கள்.

என்ன நடந்தது? அமைதி வரவில்லை. முதலில் ரகளைதான். 'என்னுடைய' ஆள் அறையைவிட்டு நகர்ந்தால் அழுகை, இன்னொரு பிள்ளையைத் தொட்டால் சண்டை. அதுவரை ஒழுங்காக இருந்த இடம் கலவரமாயிற்று. ஆனால் பேச்சு, கழிவறைப் பழக்கம் போன்றவற்றில் பின்தங்கியிருந்த குழந்தைகள் வேகமாக முன்னேறினார்கள்.

இந்தத் தொடக்க ரகளையை எதிர்பார்க்காத வகுப்புகள் இரண்டாம் வாரத்திலேயே, "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டோம்" என்று முடிவுகட்டி நிறுத்திவிடுகின்றன. குழந்தை அப்போதுதான் நம்பத் தொடங்கியிருக்கும். நம்பியதும் அது சோதித்துப் பார்க்கும். தள்ளும், கத்தும், "உன்னைப் பிடிக்கவில்லை, போ" என்னும். இதையெல்லாம் செய்த பிறகும் இவர் இருக்கிறாரா என்பதுதான் அந்தச் சோதனை. அந்த நேரத்தில் கையை எடுத்தால், 'பெரியவர்கள் போய்விடுவார்கள்' என்று அது ஏற்கெனவே வைத்திருந்த முடிவை நாமே உறுதிசெய்கிறோம்.

ஆகவே தொடங்கும்முன் பொறுப்பேற்பவரிடம் நேரடியாகக் கேளுங்கள். இந்த ஆண்டு முடியும்வரை இங்கே இருப்பீர்களா? பணிமாற்றம், பிரசவ விடுப்பு, வேறு வேலை ஏதேனும் கண்ணுக்குத் தெரிகிறதா? பதில் உறுதியில்லை என்றால் தொடங்காதீர்கள். உறுதி என்றாலும் ஒற்றை ஆளை மட்டும் நம்ப வேண்டாம். முதல் நாளிலிருந்தே இரண்டாமவர் ஒருவர் கூட இருக்கட்டும். முதலாமவர் வராத நாளை முன்கூட்டியே சொல்லுங்கள்: "நாளைக்கு நான் வர மாட்டேன். நாளைக்கு இவங்கதான் உன்னைக் கூட்டிட்டுப் போவாங்க. நாளை மறுநாள் நான் வருவேன்." சொன்னபடி வந்தும் காட்டுங்கள். அழும் என்று பயந்து சொல்லாமல் நழுவுவதுதான் பெரிய கேடு.

பொறுப்பேற்பவரும் தேய்ந்துபோவார். பிறர் துயரத்தோடு நாளெல்லாம் இருப்பவருக்கும் தூக்கக் கேடு, எரிச்சல், மரத்துப்போன உணர்வு வரும். அது பலவீனமல்ல, இந்த வேலையின் பக்கவிளைவு. வாரத்தில் ஒருமுறையாவது அவர் யாரிடமாவது மனம்விட்டுப் பேச நேரம் ஒதுக்காத நிர்வாகம் இந்த வழியைத் தேர்ந்தெடுக்கும் தகுதியை இழக்கிறது.

பெற்றோரில் ஒருவரை இழந்த குழந்தை, உறவினர் வீட்டிலோ காப்பகத்திலோ வளரும் குழந்தை, பெரியவர் எவரையும் நெருங்கவிடாத குழந்தை இவர்களுக்கு இதுவே சிறந்தது. ஒரு வகுப்பில் ஓரிருவர் என்றால் தாங்கும். ஐந்து பேர் என்றால் முதல் வழிக்கே திரும்புங்கள்.

## வழி மூன்று: விளையாட்டும் வரைதலும்

பேச்சில் வராதது விளையாட்டில் வரும் என்பது உண்மை. ஆனால் எல்லா விளையாட்டும் ஆற்றும் என்பது உண்மையல்ல.

1976இல் கலிஃபோர்னியாவின் சௌச்சில்லா என்ற ஊரில் 26 குழந்தைகள் பள்ளிப் பேருந்தோடு கடத்தப்பட்டு, மண்ணுக்குள் புதைத்த வண்டியொன்றில் அடைக்கப்பட்டார்கள். எல்லோரும் உயிரோடு தப்பினார்கள். பிறகு அவர்களைச் சந்தித்த மனநல மருத்துவர் லெனோர் டெர், ஒரு தனிவகை விளையாட்டைப் பதிவுசெய்தார். ஒரே காட்சி, அதே வரிசை, சிரிப்பில்லாத முகம், எத்தனை முறை ஆடினாலும் தணியாத பதற்றம். அது விளையாட்டுபோல் இருக்கும். ஆனால் குழந்தை அதற்குள் சிக்கிக்கொண்டிருக்கும்.

பிரித்துப் பார்க்கும் வழி, கதை நகர்கிறதா என்று பார்ப்பதுதான். கட்டைகளால் வீடு கட்டி, அதைத் தட்டிவிட்டு, மறுபடி கட்டுகிறது ஒரு பிள்ளை. திங்கள்கிழமை வீடு விழுகிறது. புதன்கிழமை விழுந்த வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வண்டி வந்து நிற்கிறது. அடுத்த வாரம் பொம்மை ஒன்று வெளியே இழுக்கப்படுகிறது, யாரோ கட்டுப் போடுகிறார்கள். இது நல்ல விளையாட்டு. குறுக்கிடாதீர்கள். அதே வீடு வாரக்கணக்கில் அதேபோல் விழுந்துகொண்டே இருந்து, ஆட்டம் முடிந்ததும் பிள்ளை முன்னைவிடப் பதறினால், பக்கத்தில் உட்கார்ந்து புதிதாக ஒன்றைச் சேருங்கள். ஒரு ஏணி, ஒரு தீயணைப்பு வண்டி, ஒரு போர்வை. "இவர்களுக்கு உதவ யாராவது வருவார்களா?" என்று ஒருமுறை கேட்கலாம். எடுத்துக்கொண்டால் சரி, தள்ளிவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று வாரத்திலும் அசையவில்லை என்றால் அது நான்காம் வழிக்கான அறிகுறி.

படங்களைப் பற்றி ஒரு வேண்டுகோள். கறுப்பு வண்ணம் பூசியிருக்கிறது, எனவே மனத்தில் இருள் என்று பொருள் சொல்லாதீர்கள். கைக்கு எட்டியது கறுப்பு வண்ணக்கட்டியாக இருந்திருக்கலாம். பொருள் சொல்வதைவிட, "இதைப் பற்றிச் சொல்கிறாயா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பது மேல்.

இந்த வழியின் கனமான செலவு, தெரிய வேண்டாம் என்று நாம் நினைப்பது தெரியவருவதுதான். ஒரு குழந்தை பொம்மையை வைத்து, வீட்டில் நடக்கும் அடியையோ தகாத தொடுதலையோ காட்டிவிட்டால் அதன்பின் நீங்கள் வெறும் பார்வையாளர் அல்ல. அங்கே துப்பறியும் வேலை வேண்டாம். "அப்பாவா செய்தார்?" போன்ற கேள்விகள் குழந்தையின் வாயில் சொல்லைத் திணிக்கும், பின்னால் நடக்கும் விசாரணையையும் கெடுக்கும். சொன்னதைக் கேளுங்கள், "என்னிடம் சொன்னது நல்லது" என்று மட்டும் சொல்லுங்கள், அது சொன்ன அதே சொற்களில் அன்றே எழுதிவையுங்கள், சட்டப்படி சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லுங்கள். அந்த இடம் எது என்பதை விளையாட்டு மூலையைத் திறக்கும்முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டும். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று குழந்தையிடம் வாக்குக் கொடுக்கவே கூடாது.

சாவு பற்றிய விளையாட்டுக்கும் கேள்விக்கும் தனிக் கவனம் தேவை. 1948இல் மரியா நாகி வெளியிட்ட ஆய்வு முதல், ஐந்து வயதுக்குட்பட்டவர்கள் சாவைத் திரும்பி வரக்கூடிய ஒரு பயணமாகவோ தூக்கமாகவோ எண்ணுவது தெரிந்ததே. எனவே, "அப்பா எப்போது வருவார்?" என்ற கேள்வி நேற்றும் வந்தது, இன்றும் வரும், அடுத்த மாதமும் வரும். ஒவ்வொரு முறையும் அதே பதில்: "அப்பா இறந்துவிட்டார். அவர் உடம்பு வேலை செய்வது நின்றுவிட்டது. இனி வர முடியாது. உன்னால் இது நடக்கவில்லை." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள், தான் கோபப்பட்டதால்தான் நடந்தது என்று நம்பும் வயது இது. "தூங்குகிறார்" என்று சொல்லிவைத்தால் மதியத் தூக்க நேரத்தில் அந்தப் பொய் உங்களைத் தேடி வரும். "வெளியூர் போயிருக்கிறார்" என்றால் வாசலைப் பார்த்துக் காத்திருக்கும். வீட்டில் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். வகுப்பில் ஒன்றும் வீட்டில் ஒன்றுமாக இரண்டு கதைகள் குழந்தைக்கு வேண்டாம்.

ஓரளவு விளையாடும் சக்தி மீதமிருக்கும் குழந்தைக்கு இந்த வழி பொருந்தும். உறைந்துபோய் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் முன் பொம்மைக் கூடையை வைப்பதால் பயனில்லை. அதற்கு முதலில் ஆள் வேண்டும், பொம்மை பிறகு.

## வழி நான்கு: நிபுணரிடம் அனுப்புவது

சில குழந்தைகளுக்கு இது தேவையே. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட நோயறிதல் கையேடு, ஆறு வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களின் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறுக்குத் தனி வரையறை கொடுத்தது. அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்க வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. முதல் சில வாரங்களின் கலக்கம் இயல்பானது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் உண்ணாமை, தன்னையே காயப்படுத்திக்கொள்வது, கூப்பிட்டாலும் கேட்காமல் உறைந்திருப்பது, வயதுக்கு மீறிய பாலியல் நடத்தை இவற்றுக்கு மாதக்கணக்கு பார்க்க வேண்டாம், உடனே அனுப்புங்கள்.

இந்த வயதுக்கென்றே வளர்ந்த சிகிச்சைகள் உண்டு. ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கான பெற்றோர்-குழந்தை உளச்சிகிச்சை ஒன்று. அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் அலிசியா லீபர்மன். அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிதல்-நடத்தைச் சிகிச்சை இன்னொன்று. மூன்று வயது முதல் தருகிறார்கள். இரண்டிலும் பெற்றோருக்கோ வளர்ப்பவருக்கோ முக்கியப் பங்கு உண்டு. "வாரம் ஒருமுறை கொண்டுபோய் விட்டால் சரிசெய்து அனுப்புவார்கள்" என்று எண்ணும் குடும்பங்களிடம் இதை முன்பே சொல்லிவிட வேண்டும். அதே சமயம், நான்காவது கேள்வியான வீடுவரை போய்ச் சேர்வதில் இந்த வழிக்கே முழு மதிப்பெண்.

செலவு பணத்தோடு நிற்பதில்லை. காத்திருப்பு நீளும், அந்த மாதங்களில் குழந்தை உங்கள் வகுப்பில்தான் இருக்கும். குடும்பத்துக்கு வெட்கமும் பயமும் வரும். அவசரப்பட்டு, "உங்கள் குழந்தைக்கு ஏதோ பிரச்சினை" என்று தொடங்கினால் அடுத்த வாரம் குழந்தையே வராமல் போகலாம். "மதியம் தூங்கப் பயப்படுகிறது, மூன்று வாரமாகப் பார்க்கிறோம், வீட்டில் எப்படி?" என்று பார்த்ததை மட்டும் சொல்லித் தொடங்குவது நல்லது. எல்லாவற்றிலும் பெரிய செலவு, வகுப்பு கைகழுவிவிடுவது. "அங்கே போகிறதல்லவா, இனி அவர்கள் பாடு" என்றாகிவிடும்.

கைகழுவுவது எவ்வளவு எளிது என்பதற்கு வால்டர் கில்லியம் 2005இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு சாட்சி. அங்கே மாநில அரசு நிதியில் நடந்த மழலையர் வகுப்புகளில், பள்ளி மாணவர்களைவிட மூன்று மடங்குக்கும் மேலான விகிதத்தில் குழந்தைகள் நீக்கப்பட்டார்கள். அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: மனநல ஆலோசகரின் உதவி ஆசிரியர்களுக்குக் கிடைத்த வகுப்புகளில் நீக்கம் குறைவு. குழந்தையை நிபுணரிடம் அனுப்புவதற்குப் பதில், நிபுணரை மாதம் ஒருமுறையாவது வகுப்புக்கு வரவழைத்து ஆசிரியருக்கு வழிகாட்டச் சொல்வது இந்த வழியின் மலிவான, எனக்கு அதிகம் பிடித்த வடிவம். குழந்தைமேல் முத்திரை விழாது. கற்றது அடுத்த குழந்தைக்கும் உதவும்.

## "கொஞ்ச நாள் வீட்டிலேயே இருக்கட்டுமே?"

குடும்பங்கள் கேட்கும் ஐந்தாவது வழி இது. வீட்டில் நிதானமாக இருக்கும் ஒரு பெரியவர் இருந்தால் ஒரு வாரம் நல்லது. வீடே துக்கத்திலோ சண்டையிலோ இருந்தால், அல்லது தொலைக்காட்சி அதே பேரிடர்க் காட்சியை நாள் முழுக்கக் காட்டிக்கொண்டிருந்தால், வகுப்பே மேல். சிறு குழந்தைக்கு மறுஒளிபரப்பு என்பது தெரியாது. ஒவ்வொரு முறையும் புதிதாக நடப்பதாகவே அது எடுத்துக்கொள்ளும்.

வீட்டில் வன்முறை இப்போதும் நடந்துகொண்டிருந்தால் இந்த ஒப்பீடு முழுவதும் இரண்டாம்பட்சம். அங்கே முதல் வேலை குழந்தைப் பாதுகாப்புக்கு உரியவர்களிடம் தெரிவிப்பது. ஆபத்து தொடரும்போது, காவல் காக்கும் மூளையை அடங்கச் சொல்வதில் அர்த்தமில்லை.

## சேர்த்து எடுப்பதென்றால்

என்னிடம் கேட்டால் முதல் வழியை எந்த வகுப்பிலும், யாருக்கும் எதுவும் நடக்கும்முன்பே தொடங்கிவிடலாம் என்பேன். அதன்மேல் இரண்டாவதைச் சேர்ப்பதா என்பது ஆளைப் பொறுத்தது. மூன்றாவதுக்கு மூலை ஒன்றும், தெரியவந்தால் என்ன செய்வது என்ற தெளிவும் இருந்தால் போதும். நான்காவதுக்கான முதல் தொலைபேசி அழைப்பைக் காலம் தாழ்த்தாதீர்கள். காத்திருப்பு வரிசையில் பெயர் இருந்து, பிறகு தேவையில்லாமல் போனால் நல்லதுதான்.

ஆண்டின் நடுவில் வந்து சேரும் குழந்தை, இன்னும் சில மாதத்தில் வகுப்பு மாறப்போகிறது என்றால் இரண்டாவது வழியை அடக்கிச் செய்யுங்கள். பொறுப்பேற்பவர் அடுத்த வகுப்பு ஆசிரியரையே இரண்டாமவராக வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு. ஆண்டு முடிவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து இருவரும் சேர்ந்து அந்தப் பிள்ளையோடு புதிய அறைக்குப் போய் வரலாம். கைமாற்றும்போது நடந்த கதையை எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை, அது குடும்பத்தின் சொத்து. ஒரே தாளில் நான்கு வரி போதும்: எதற்கு மிரள்கிறது, மிரள்வதற்குமுன் உடம்பில் என்ன தெரியும், எது அடக்கும், எதைச் செய்யவே கூடாது. "பின்னாலிருந்து தொட வேண்டாம். விரல்களை மடக்கத் தொடங்கினால் பக்கத்தில் போய் உட்காரவும். பை கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும். விளக்கை அணைக்கும்முன் சொல்லிவிட்டு அணைக்கவும்." புதிய ஆசிரியருக்கு முதல் நாள் காலையில் தேவைப்படுவது இவ்வளவுதான்.